நாச்சியாரின் தகரப்பெட்டி

நாடு இரண்டாகி, ரம்ஜான் பெருநாளும் கழிந்து, தெருவுக்குத் தெரு கட்டிய காகிதக் கொடிகள் ஆவணி மழையில் சாயம்போய்த் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், கீழைமங்கலம் கோலமணாளப் பெருமாள் கோவிலின் துலுக்க நாச்சியார் சன்னதியில், சுவர்ச் சித்திரமாக நின்றிருந்த நாச்சியாரின் காலடியில் பச்சை வண்ணத் தகரப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. திரையை விலக்கி, நித்தியப்படி ரொட்டியும் வெண்ணெயும் வைக்கப்போன சௌரிராஜ பட்டர், சேவிக்க வந்தவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி என்று எண்ணி, ஓரமாக நகர்த்தக் கையை நீட்டினார். விரல்கள் சுவரில் முட்டின. பெட்டி சுவருக்குள் இருந்தது. நாச்சியாரின் பாவாடைக் கரையில் எந்தக் காலத்திலோ விழுந்த விரிசல் அப்படியே இறங்கிப் பெட்டியின் மூடியிலும் ஓடியது. சித்திரம் எழுதிய நாளிலிருந்தே அது அங்கே இருந்ததுபோலச் சாயமும் அதே அளவு மங்கியிருந்தது. பட்டர் ரொட்டியைப் பெட்டிக்கு இந்தப் பக்கமாக வைத்து, மணியடித்து, திரையை மூடி, வெளியே வந்து, மடைப்பள்ளிக்காரரிடம், "நாச்சியார் ஊருக்குக் கிளம்பறா போலிருக்கு. நாளையிலேருந்து ரெண்டு ரொட்டி கூடப் போடும், வழிக்கு ஆகும்" என்றார்.

நாச்சியாரின் கதை அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். டில்லி சுல்தானின் மகள். படையெடுப்பில் கொள்ளைபோன பெருமாளைப் பொம்மையென்று மடியில் வைத்துக் கொஞ்சியவள். ஊரார் போய் ஆடிப் பாடிப் பெருமாளை மீட்டுக்கொண்டு திரும்பியபோது, பிரிவு தாங்காமல் பின்னாலேயே ஓடிவந்து அவர் காலடியில் கலந்துபோனவள். கல்லில் வடித்தால் அவள் மார்க்கத்துக்கு ஆகாது என்று சுவரில் எழுதினார்கள். சுவரில் எழுதினாலும் ஆகாது என்று சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை போலும். கோஷாப் பெண் என்பதால் திரை. வடக்கத்திப் பெண் என்பதால் ரொட்டி. அவளிடம் எழுந்தருளும் நாளில் மட்டும் பெருமாள் பீதாம்பரத்தைக் களைந்து கைலி கட்டிக்கொள்வார். எல்லாம் சரியாக அமைந்த பிறகு, அவளுக்குப் பிறந்த வீடு இல்லையே என்ற குறை ஊராரை உறுத்தியது. ஆடிக்கு அழைக்க ஆளில்லாத பெண்ணாக அவளை எப்படி விடுவது? டில்லிக்குச் சொல்லியனுப்பவா முடியும்? ஆகவே, வடக்கிலிருந்து குதிரை ஓட்டிவந்து விற்றவர் என்ற ஒரே தகுதியைக் கண்டு, ராவுத்தர் ஒருவரைப் பிடித்து நாச்சியாரின் பிறந்த வீட்டாராக நியமித்தார்கள். வடக்கே எந்த ஊர் என்று யாரும் அவரை விசாரிக்கவில்லை; திண்டிவனம்கூடக் கீழைமங்கலத்துக்கு வடக்குதான்.

அந்த ராவுத்தரின் வழியில் இப்போது இருந்தவர் கடைத்தெருவில் கைலியும் போர்வையும் விற்ற சிக்கந்தர் ராவுத்தர். அவர் மனைவி ருக்கையா பீவி. ஆடிக்கு ஆடி அவர்கள் வீட்டிலிருந்து பூவும் வளையலும் பேரீச்சம்பழமும் மாப்பிள்ளைக்கு ஒரு கைலியுமாகத் தட்டு கோவிலுக்குப் போகும். திரைக்கு முன்னால் நின்று ருக்கையா, "வீட்டுக்கு வாம்மா" என்று அழைப்பாள். திரைக்கு உள்ளேயிருந்து பட்டர், நாச்சியாருக்காகக் குரலைச் சற்றே மெலிதாக்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் வரேன்" என்று பதில் சொல்வார். ஊர் முழுக்க அவர்களை 'சம்பந்தி வீடு' என்றே அழைத்தது. அந்த ஆகஸ்டு மாதம்வரை அழைத்தது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சிக்கந்தர் ராவுத்தர் கடைத்தெருவில் 'பாய்' ஆனார்; 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கும் அதே முகத்தோடு, அதே அன்போடு, "எப்ப பாய் கிளம்பறீங்க?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

கராச்சியில் துணிக்கடை வைத்திருந்த தம்பி யாக்கூப்பும் அதையேதான் கேட்டு எழுதினான். போவதற்கும் பயம், இருப்பதற்கும் பயம் என்ற நிலையில், சிக்கந்தர் ராவுத்தர் இரு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொல்லிவைத்தார்: "நாங்க பெருமாளுக்குப் பொண்ணு கொடுத்த வீடு. பொண்ணு எந்தப் பக்கமோ, நாங்க அந்தப் பக்கம்." சுவரில் எழுதிய பெண் எங்கே நகரப் போகிறாள் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது.

அதனால்தான், அந்த வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்ற பட்டர், "சம்பந்தி, உங்க பொண்ணு பெட்டி கட்டிண்டுட்டா" என்றபோது, வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அது இரண்டு விதமாகத் தைத்தது.

"ஜமீலாவா? அவளுக்கு என்ன சாமி?" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் ருக்கையா. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஜமீலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"ஜமீலா இல்லேம்மா. எங்காத்துக்கு வந்தவ. சுவத்துல இருக்கறவ."

சிக்கந்தர் ராவுத்தர் சாய்வு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எவ்வளவு பெரிய பெட்டி?"

"ரெயில்ல பலகைக்கு அடியில போற அளவு."

"பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு. சாவி இடுப்பில சொருகியிருக்கு. நேத்திக்கு வரைக்கும் அந்த இடுப்பில ஒண்ணும் கிடையாது."

சொன்ன வார்த்தை ராவுத்தர் முன்னால் வந்து நின்றுகொண்டது.

செய்தி ஊரைச் சுற்றிவர ஒரு வேளைப் பொழுதுகூட ஆகவில்லை. அடுத்தடுத்த நாள்களில் நாச்சியாரின் வலது கைப்பக்கம் ஒரு பித்தளைக் கூஜாவும், பிறகு கக்கத்தில் ஒரு கறுப்புக் குடையும், பிறகு இத்தனை நூறு வருஷமாக வெறும் செம்பஞ்சுக் குழம்போடு இருந்த பாதங்களில் ஒரு ஜோடிச் செருப்பும் தென்பட்டன. கோவிலுக்குள் செருப்புப் போட்டிருக்கிறாளே என்று யாரும் குறை சொல்லவில்லை; அவள் வெளியே போகிறவள் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தாமாகவே வந்து, பஞ்சாபுப் பக்கம் ரெயில் ஒழுங்காக ஓடவில்லை, பம்பாய் போய்க் கப்பல் ஏறுவதுதான் கௌரவமான பெண்களுக்குத் தோது என்று திரைக்கு முன்னால் நின்று எடுத்துச் சொன்னார். குதிரை வண்டிக்காரன் சன்னதித் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி, வேறு சவாரி எடுக்காமல் காத்திருந்தான். தாயார் சன்னதியில் விளக்குப் போடும் பெண்கள், வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் நன்றாகக் கேட்கும்படியாக, "ரெண்டாந்தாரம்னா என்னிக்காவது கிளம்பத்தானே வேணும்" என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: "அவ பிறந்த ஊர் டில்லி. டில்லி இந்தப் பக்கம்தானே இருக்கு? அப்புறம் எதுக்குப் பெட்டி?" அந்தச் சந்தேகம் யாருக்கும் பிடிக்கவில்லை. வாத்தியார் நாலு நாள் யாரோடும் பேசாமல் திரிந்தார்.

கோவில் தர்மகர்த்தா தாமோதர நாயுடுவுக்குக் கவலை வேறு வகையானது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது? அவள் சீதனமா, கோவில் நகையா? அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவரைப் பிடித்து ஆட்டியது.

"அவ போறது இருக்கட்டும் ஐயா. பெண்டாட்டி போற இடத்துக்குப் பெருமாளும் கிளம்பிட்டா? அங்கே போய் வீட்டோட மாப்பிள்ளையா உட்கார்ந்துட்டா? நான் வெறும் கோவிலுக்கா தர்மகர்த்தா?"

"பெருமாள் பெட்டி ஒண்ணும் கட்டலையே" என்றார் பட்டர்.

"அவருக்கு எதுக்குப் பெட்டி? கட்டின கைலியோட போயிடுவார்."

நாயுடு தாலுகா கச்சேரிக்கு மனுக் கொடுத்தார். கச்சேரியிலிருந்து முதலில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பொன்னுரங்கம் என்று பெயர். நாச்சியார் உத்தரவில்லாமல் ஊரைவிட்டுப் போகாதபடி காவல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. அவரும் ஒழுங்காகத்தான் காவல் இருந்தார். ஆனால் கோஷாப் பெண்ணை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று, சுவருக்கு முதுகைக் காட்டியே நின்றார். பிறகு ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்தார். எந்தத் தேசத்தில் இருக்க விருப்பம் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, திரைக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, தங்களுக்கு இந்தியாவா, பாகிஸ்தானா?" என்று கேட்டார். திரை அசையவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது, கூட்டத்தில் நின்ற பள்ளிவாசல் ஹஜ்ரத் பதறிப்போய், "மூணு தரம் கேட்டுட்டீங்களா? போச்சு. எங்க வழக்கத்துல பொண்ணு மூணு தரமும் பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்" என்றார்.

"எதுக்குச் சம்மதம்?"

"கேட்டதுக்கு."

"ரெண்டைக் கேட்டேனே?"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் ஹஜ்ரத்.

இன்ஸ்பெக்டர், அரசாங்க வழக்கத்தில் பேசாமல் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றுதான் பொருள் என்று கூறி, எதற்கு ஆட்சேபணை இல்லை என்பதை மேலிடத்தின் முடிவுக்கு விட்டுவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன கையோடு, கூட்டம் கூடுவதால் கலகம் வரும் என்று அஞ்சி, கலெக்டரின் நூற்று நாற்பத்து நாலு தடை உத்தரவு வந்தது: கீழைமங்கலத்தில் எந்தச் சாமியும் எந்தச் சந்தனக்கூடும் ஊர்வலமாகப் புறப்படக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே சிக்கந்தர் ராவுத்தர் வீட்டில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள். சரியாகச் சொன்னால், ராவுத்தர் கட்டினார், ருக்கையா பார்த்துக்கொண்டிருந்தாள். செப்பு அண்டாக்களுக்குள் வைக்கோல் திணித்து, அதற்குள் பீங்கான்களை இறக்கி, வாய்க்குக் கோணி தைத்தார், அம்மியைப் பெயர்த்தார், கட்டிலின் கால்களைக் கழற்றினார். ஒவ்வொரு பொருளாகச் சுவரைவிட்டு அகல அகல, அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது.

"மச்சான், ஏழாம் மாசம் ஜமீலாவைக் கூட்டிட்டு வரணும்" என்றாள் ருக்கையா.

"அவ மாமியார் பார்த்துக்குவாங்க."

"தலைப்பிரசவம். மாமியார் வீட்டிலயா? நான் உசிரோட இருக்கேன்."

"அப்ப அவளையும் கராச்சிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"மருமவன் வரமாட்டேன்னு சொல்லிட்டாரே. அவ வந்து நிக்கறதுக்கு இங்க ஒரு வாசப்படி வேணாமா?"

ராவுத்தர் கோணி ஊசியைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்ன பண்ண? ஊர் பூரா என் வாயைத்தான் பார்க்குது. பொண்ணு போற பக்கம் நாங்கன்னு சொன்னேன். அவ கிளம்பி நிக்கறா."

ஜமீலாவிடமிருந்து வாரம் தவறாமல் கார்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் கடைசி வரியும், எப்போது வந்து அழைத்துப் போவீர்கள் என்பதாகவே இருந்தது. ருக்கையா பதில் எழுதவில்லை. எழுதினால் பொய் எழுத வேண்டும், அல்லது உண்மை எழுத வேண்டும்.

ராவுத்தர் கப்பல் விசாரிக்கச் சென்னைக்குப் போன அன்று, ருக்கையா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். இதுவரை அவள் அந்தச் சித்திரத்தைப் போய்ப் பார்க்கவில்லை. தன்னை ஊரைவிட்டுக் கிளப்புகிறவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பட்டரின் மனைவி செங்கமலம் துணைக்கு வந்து திரையை விலக்கினாள். கான்ஸ்டபிள் பொன்னுரங்கம், பெண்கள் மூன்று பேர் என்று, இன்னும் நாலடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்தார்.

ருக்கையா வெகுநேரம் பார்த்தாள். ஆண்கள் பார்த்துவிட்டுப் போன இடத்தில் அவள் வேறொன்றைப் பார்த்தாள்.

"மாமி, இவ்வளவுதானா?"

"எவ்வளவு?"

"இந்த ஒரு பெட்டி, ஒரு கூஜா, குடை. இதான் சாமானா?"

"வேற என்னடி வேணும்?"

"குடி பெயர்ந்து போறவ இப்படியா கட்டுவா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, அம்மியைக்கூடப் பெயர்த்து வச்சிருக்கார். இவளுக்குப் பக்கத்திலயே பாருங்க, சொம்பு அப்படியே இருக்கு, சந்தனக் கிண்ணம் அப்படியே இருக்கு, வெத்தலைப் பெட்டி அப்படியே இருக்கு. ஒண்ணையும் எடுத்து வைக்கலை. நாலு புடவை புடிக்கிற பெட்டி. இது ஒரு மாசம் தங்கிட்டு வர்றவ கட்டின பெட்டி மாமி."

செங்கமலம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முகத்தைப் பாரேன், ருக்கையா. வாசல் பக்கம்னா திரும்பியிருக்கு. யாரோ வராளான்னு பார்க்கிற முகம்டி இது. நானும் ஒவ்வொரு ஆடிக்கும் எங்கண்ணா வருவான்னு இப்படித்தான் வாசலைப் பார்த்துண்டு நிப்பேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க இந்த வருஷம் ஆடிக்குக் கூப்பிட வரலையோன்னோ?"

வரவில்லை. அந்த வருஷம் ஆடி முழுவதும் ரம்ஜான் நோன்பாக விடிந்து நோன்பாகவே முடிந்தது, பத்திரிகையில் நாளுக்கு நாள் வடக்கேயிருந்து வந்த செய்திகள் வேறு, இந்த நேரத்தில் கோவிலுக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் உதைப்பான் என்றார் ராவுத்தர், ருக்கையாவும் சரியென்றாள். பூவை வாங்கி வந்து வீட்டிலேயே வாடவிட்டார்கள். தேசங்கள் பிரிந்ததற்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வருஷாவருஷம் அழைக்க வருகிறவர்கள் அந்த வருஷம் வராததால், என்னவோ ஏதோ என்று தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிற, செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு நிற்கிற, ஒரு வீட்டுப் பெண். ருக்கையாவுக்கு முகம் சுட்டது. சிதம்பரத்தில் இன்னொருத்தியும் அப்படித்தான் நின்றுகொண்டிருப்பாள் என்பது நினைவுக்கு வந்தபோது, நெஞ்சும் சுட்டது.

மறுநாள் காலை ருக்கையா தட்டோடு கோவிலுக்கு வந்தாள். ஆடி கழிந்து ஆவணியும் கழிந்து புரட்டாசி பிறந்திருந்தது. சீர் இத்தனை தாமதமாக எந்தச் சம்பந்தி வீட்டிலிருந்தும் வந்ததில்லை. திரைக்கு முன்னால் நின்று, வழக்கமான குரலில் அல்லாமல், மாமியார் வீட்டில் மகளிடம் தனியாகப் பேசுகிற குரலில், "கோவிச்சுக்காதம்மா. வீட்டுக்கு வா" என்றாள்.

உள்ளேயிருந்து பட்டரின் பதில் வர வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பட்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "அடுத்த வருஷம்னு சொல்ல வாயைத் திறந்தேன், சம்பந்தியம்மா. அதுக்குள்ள அவ கிளம்பிட்டா" என்றார். சுவரில் சொம்பும் சந்தனக் கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும் இருந்தன. நடுவில், நிற்கிற ஒரு பெண்ணின் அளவுக்கு, சுண்ணாம்பு புதிதாக வெளுத்திருந்தது.

ருக்கையா குடையை விரித்து, தன் தலைக்கு மேல் அல்லாமல் இடப்புறமாகச் சாய்த்துப் பிடித்தபடி, சன்னதித் தெருவையும் கடைத்தெருவையும் கடந்து ராவுத்தர் தெருவுக்கு நடந்து போனதை ஊரே பார்த்தது. வெயில் அவள் வலது தோளில் விழுந்தது, இடப்புறம் யாரும் இல்லாத இடத்தில் நிழல் இருந்தது. கான்ஸ்டபிள் பொன்னுரங்கம் பத்தடி பின்னால் நடந்தார். அவருக்கு இட்ட கட்டளை நாச்சியாரைக் காவல் காப்பதே தவிர, கோவிலைக் காப்பது அல்ல. குதிரை வண்டிக்காரன், இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற இடத்துக்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வண்டியைத் திருப்பினான்.

வீட்டில், அலமாரியை நகர்த்தியதால் வெளுப்பாக நின்ற கூடத்துச் சுவரில் நாச்சியார் இடம்பிடித்துக்கொண்டாள். ருக்கையா அந்தக் கணமே தன் கல்யாணப் புடவையைத் திரையாகக் கட்டிவிட்டாள். வீட்டில் உருவப்படம் இருக்கலாமா என்று தெருவில் இரண்டு பேர் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார்கள். "திரைக்குப் பின்னால என்ன இருக்குன்னு நான் பார்க்கலை. இன்னொருத்தர் வீட்டுத் திரையை விலக்கிப் பார்க்கிறது பெரிய குத்தம். நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் அவர். இரண்டு பேரும் பார்க்கவில்லை என்று சொல்லி அவசரமாகக் கிளம்பினார்கள். மறுநாள் திரைக்குள் எட்டிப்பார்த்த ருக்கையா, சுவரில் பெட்டி திறந்து கிடப்பதையும், ஒரு கொடி கட்டி, அதில் துவைத்த புடவை ஒன்று காய்வதையும் கண்டாள். புடவைக்கு நேர் கீழே, சுவரின் ஓரத்தில் காரை நனைந்திருந்தது.

சென்னையிலிருந்து இரண்டு சீட்டோடு திரும்பிய சிக்கந்தர் ராவுத்தர், வாசலில் கான்ஸ்டபிள் மோர் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டு, திடுக்கிடுவதை விட்டுக் கோபப்பட்டார்.

"உன்னை யார் கூட்டிட்டு வரச் சொன்னது?"

"ஆடிக்குக் கூப்பிடாம விட்டது யாரு?"

"வீட்டை விலை பேசி முடிச்சுட்டு வந்திருக்கேன் ருக்கையா!"

"பேசுங்க. பொண்ணு வந்திருக்கிற வீட்டைப் பூட்டி, சாவியை அடுத்தவன் கையில கொடுத்துட்டுப் போங்க. நான் தடுக்கலை."

அதற்குள் நாயுடு வந்துவிட்டார். நாச்சியார் இருக்கும் இடம் கோவில்தான், ஆகவே இந்த வீடு இனிமேல் கோவில் சொத்து என்று அவர் வாசலிலிருந்தே சொன்னார். ராவுத்தரின் வாய் திறக்குமுன் ருக்கையாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "நாயுடு ஐயா, உங்க மக ஆடிக்கு வந்து தங்கினாளே, அவ மாமனார் வந்து உங்க வீட்டை எழுதி வாங்கிக்கிட்டாரா? இது அவ பொறந்த வீடு. கோவில் இல்ல." நாயுடு சற்று யோசித்து, அது ஒருவகையில் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் பெண்ணை எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

அங்கேதான் எல்லாமும் முடிச்சுப்போட்டுக்கொண்டு நின்றது. வந்த பெண்ணைத் தானாக எழுந்து போகச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை வந்து அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை வர வேண்டுமானால் பல்லக்கில் வர வேண்டும். பல்லக்கு தெருவுக்கு வர வேண்டுமானால் கலெக்டரின் தடை நீங்க வேண்டும். தடை நீங்க வேண்டுமானால் ஊரில் அமைதி நிலவுகிறது என்று தாலுகா கச்சேரி எழுத வேண்டும். ஊரில் எல்லாச் சாதியினரும் ஒரு ராவுத்தர் வீட்டு வாசலில் காலையும் மாலையும் கூடி நின்று, சம்பந்தி சாப்பாடு சரியாகப் போடுகிறாரா, பெண் இளைத்திருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது, அதை அமைதி என்று எழுதுவதா கூட்டம் என்று எழுதுவதா என்று கச்சேரிக்குப் புரியவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்குச் சீட்டை மாற்றினார் ராவுத்தர். அதுவும் போயிற்று. "அவ கிளம்பின மறுநாள் நாம கிளம்பறோம்" என்று அவர் தினமும் சொன்னார். தினமும் சொல்லிவிட்டு, திரைக்கு வெளியே ஒரு கொத்து மல்லிகையை வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். வீட்டில் சமைக்க வேண்டியிருந்ததால் அண்டாக்களின் தையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அம்மி பழைய குழியில் இறங்கியது.

ஏழாம் மாதம் ருக்கையா சிதம்பரம் போய் ஜமீலாவை அழைத்துவந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்த ஜமீலா, திரையைப் பார்த்து, "அத்தா, எனக்கு ஒரு அக்கா இருக்கான்னு நீங்க சின்ன வயசுல சொன்னப்ப நான் விளையாட்டுக்குன்னு நினைச்சேன்" என்றாள். பகலெல்லாம் திரைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து, சிதம்பரத்து மாமியாரைப் பற்றிய குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். யாரிடமும் போய்ச் சேராத குறைகள் அவளை வெகுவாகத் தேற்றின.

கார்த்திகை மாதத்தில், யார் என்ன எழுதினார்களோ, தடை நீங்கியது.

நீங்கிய மறுநாளே மேளச் சத்தம் கேட்டது. கோலமணாளப் பெருமாள், புதுக் கைலி கட்டி, தோளுக்கினியான் பல்லக்கில், குடையும் சாமரமுமாக ராவுத்தர் தெருவுக்குள் நுழைந்தார். நாயுடு முன்னால் வந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். தாயார் சன்னதிப் பெண்கள்கூட, வேடிக்கைதானே என்று வந்தார்கள். பல்லக்கு வாசலில் நின்றது. மேளம் அடங்கியது.

கதவுக்குப் பின்னால் நின்ற ருக்கையா எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் எதை எண்ணாமல் தள்ளிவைத்தாளோ அது பல்லக்கேறி வந்து வாசலில் நின்றது. நாச்சியார் போவாள், அவள் போன மறுநாள் இவர் கிளம்புவார், சீட்டு இவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. உள்ளறையில் ஜமீலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"சம்பந்தி" என்றார் பட்டர், முறைப்படி, கைகூப்பி. "மாப்பிள்ளை வந்திருக்கார். பொண்ணை அனுப்பி வைக்கணும்."

சிக்கந்தர் ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசற்படியில் வந்து நின்றார். பல்லக்கைப் பார்த்தார். அதற்குப் பின்னால், தினமும் தன்னைக் கேட்ட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவை அனைத்தும் இப்போது, ஒரு பெண்ணைப் பெற்றவனின் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்து நின்றன. உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். தெருவில் இருந்தவர்களும் அவரும் ருக்கையாவும் எதிர்பாராத ஒரு கடுகடுப்பு அவர் முகத்தில் ஏறியது. அது பெண்ணைக் கொடுத்த எல்லாத் தகப்பன்மாருக்கும் உரிய பழைய கடுகடுப்பு.

"என்ன சாமி அவசரம்? இப்பத்தானே வந்தா."

பட்டர் விழித்தார். "மூணு மாசமாறதே, சம்பந்தி."

"ஆகட்டுமே. எத்தனையோ நூறு வருஷம் உங்க வீட்டிலதானே இருந்தா? ஒரு தரமாவது அனுப்பினீங்களா? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நீங்களே அவ குரல்ல பதில் சொன்னீங்க. இப்ப நான் சொல்றேன். தங்கச்சிக்குப் பிரசவம் நெருங்குது. அக்கா கூட இருக்க வேணாமா? புள்ள பொறக்கட்டும், நாப்பது நாள் கழியட்டும். அப்புறம் பேசுவோம்."

"பேசுவோம்னா, அனுப்புவேளா?"

"பேசுவோம்னு சொன்னேன்."

நாயுடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்திச் சண்டையில் மூன்றாம் மனிதர் நுழையக் கூடாது என்று பின்னாலிருந்து பல பேர் அவரை அடக்கினார்கள். பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மாமனார் திருப்பி அனுப்பிய பெருமாளுக்கு எந்த மேளம் வாசிப்பது என்று நாதஸ்வரக்காரருக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளையை வெயில்ல நிறுத்தி வச்சுக்கிட்டு என்ன பேச்சு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ருக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் சிரிப்பும் இருந்தது. "தென்னங்கீத்துல ஒரு பந்தல் போடச் சொல்லுங்க மச்சான். நாலு மூங்கில் வாங்கிட்டு வாங்க."

சிக்கந்தர் ராவுத்தர் மூங்கில் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கூடவே ஓடிவந்து, "தாங்குமா நாலு மூங்கில்? எட்டா வாங்குங்க, தை வரைக்கும் நிக்கணுமே" என்றார்.